தரானே அலிதூஸ்தி: முக்காட்டுக்குள் இருபது வருஷம்

ஒரு பைக். பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு இன்னும் சில நாளில் கல்யாணம், ஓட்டுகிறவன்தான் மாப்பிள்ளை. டெஹ்ரானுக்கு வெளியே பனி மூடிக் கிடக்கிற வெட்டவெளிச் சாலை. அவள் போர்த்தியிருக்கிற கறுப்புச் சாதர் காற்றில் படபடத்துச் சக்கரத்தில் சிக்கிக்கொள்கிறது, இரண்டு பேரும் விழுகிறார்கள். பெரிய அடி இல்லை. சிரிப்பும் கிண்டலுமாக எழுந்து, சக்கரத்திலிருந்து துணியைப் பிரித்தெடுத்துக்கொண்டு மறுபடி கிளம்புகிறார்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொண்டு பைக்கில் ஏறிப் பழகிய எனக்கு அந்தக் காட்சியில் வயிறு ஒரு முறை புரண்டது.

அஸ்கர் ஃபர்ஹாதியின் 'பட்டாசுப் புதன்' இப்படித்தான் தொடங்கும். 2006-இல் வந்த படம். அந்தப் பெண் ரூஹி, வீட்டு வேலைக்குப் போகிறவள். ஒரே ஒரு நாள் வேலைக்கு என்று ஒரு நடுத்தர வர்க்கத்து வீட்டுக்குப் போய், அங்கே புகைந்துகொண்டிருக்கிற புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறாள். ஹெதியே தெஹ்ரானி நடித்த அந்த மனைவி, ரூஹியின் அதே சாதரை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டு கணவனை வேவு பார்க்கப் போவாள். ஒரு துணி எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். ரூஹிக்கு அது அன்றாட உடுப்பு, இவளுக்கு மாறுவேடம், சக்கரத்தில் சிக்கினால் ஆளையே கொல்லக்கூடியது.

ரூஹியாக நடித்தவர் தரானே அலிதூஸ்தி. பாரசீகத்தில் தரானே என்றால் பாட்டு. ஈரான் சினிமா பார்க்கிற எல்லோருக்கும் அவர் முகம் தெரியும், ஆனால் பெயரைச் சொன்னால் 'யாரு?' என்று கேட்பார்கள். டைரக்டர் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது நம் பழக்கம். கியாரோஸ்தமி, மக்மல்பஃப், ஃபர்ஹாதி என்று வரிசையாகச் சொல்லுவோம், அந்தப் படங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த பெண்கள் நம் பேச்சில் வரவே மாட்டார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன். இந்தக் கட்டுரை அதற்கான கடன்.

அவர் பிறந்தது 1984 ஜனவரியில், டெஹ்ரானில். ஈரான் - ஈராக் போர் நடந்துகொண்டிருந்த காலம். அப்பா ஹமீத் அலிதூஸ்தி ஈரான் தேசிய அணிக்கு ஆடிய கால்பந்து வீரர், ஜெர்மனிக்குப் போய் ஆடிய முதல் ஈரானியர்களில் ஒருவர். அம்மா சிற்பி. ஒரே தம்பி, ஒரு சஹார்ஷன்பே சூரி விபத்தில் இறந்துபோனான். ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு முந்தைய கடைசிப் புதனை வரவேற்கிற செவ்வாய் இரவு, தெருவெல்லாம் நெருப்பு மூட்டித் தாண்டிக் குதித்து, பட்டாசு வெடித்துக் கொண்டாடுவார்கள், அந்தப் பண்டிகைதான் அது. மேலே சொன்ன படத்தின் பாரசீகப் பெயரும் அதுவேதான். படத்தின் கடைசியில் ரூஹி காரில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே வெடிச்சத்தமும் தீயுமாக நகரம் ஓடிக்கொண்டிருக்கும். தம்பி விஷயம் தெரிந்த பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கதை மறந்துவிடுகிறது, அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதல் படம் பதினேழு வயதில். நடிப்புப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண்ணை ரசூல் சத்ராமெலி 'நான் தரானே, வயது பதினைந்து' படத்துக்குத் தேர்ந்தெடுத்தார். பாத்திரத்தின் பெயரும் தரானே. அம்மா இறந்துவிட்டாள், அப்பா சிறையில், பாட்டியின் நிழலில் வளர்கிற பெண். ஒரு பையன் பின்னாலேயே சுற்றிக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறான், சில மாதங்களிலேயே அது முறிந்துபோகிறது, அதற்கப்புறம்தான் வயிற்றில் குழந்தை இருப்பது தெரிகிறது. கலைக்கச் சொல்கிறார்கள், மாட்டேன் என்கிறாள். பிறந்த குழந்தைக்கு அப்பன் பெயரோடு ஒரு சான்றிதழ் வேண்டும் என்று கோர்ட்டு வாசலில் போய் நிற்கிறாள். அழுகை ஆர்ப்பாட்டம் இல்லாமல், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு தன் ஒரு வரியைச் சொல்கிற பழக்கம் அந்த முதல் படத்திலேயே அவருக்கு வந்துவிட்டது. 2002-இல் லொகார்னோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெண்கலச் சிறுத்தை, ஊரில் ஃபஜ்ர் விழாவின் சீமுர்க் விருது. பதினெட்டு வயது.

அதன் பிறகுதான் ஃபர்ஹாதி. இருவரும் சேர்ந்து நாலு படம். முதலாவது 'அழகிய நகரம்', 2004. இந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த எதையும் இதை விட்டுவிட்டு என்னால் யோசிக்க முடியவில்லை.

பதினாறு வயதில், தான் காதலித்த பெண்ணைக் கொன்றுவிட்ட ஒரு பையன். சீர்திருத்தப் பள்ளியில் இருக்கிறான், பதினெட்டு நிறைந்ததும் தூக்கு. அவனுடைய அக்கா ஃபிரூஸேவாக தரானே. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, தம்பியின் சிநேகிதனோடு சேர்ந்து, செத்துப்போன பெண்ணின் அப்பா வீட்டு வாசலுக்கு நடையாய் நடக்கிறாள். ஈரான் சட்டப்படி கொலையுண்டவரின் குடும்பம் மன்னித்தால் தூக்கு இல்லை. அப்பாவோ மன்னிக்கத் தயாராக இல்லை. சரி, அப்படியென்றால் தூக்கில் போட வேண்டியதுதானே? அதுவும் முடியாது. ஒரு பெண்ணின் உயிருக்கான இழப்பீடு ஆணின் உயிருக்கானதில் பாதிதான். அதனால் ஒரு பெண்ணைக் கொன்றதற்காக ஓர் ஆணைத் தூக்கில் போட வேண்டுமென்றால், மகளைப் பறிகொடுத்த அப்பாவே மீதிப் பாதியைக் கொலையாளியின் குடும்பத்துக்குக் கட்ட வேண்டும். அந்த மனிதரிடம் காசில்லை. பழிவாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிற தகப்பனும், தம்பியைக் காப்பாற்றக் கெஞ்சிக்கொண்டிருக்கிற அக்காவும் ஒரே கதவின் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். இந்தச் சட்டம் தப்பு என்று படத்தில் யாரும் வசனம் பேசுவதில்லை. ஃபிரூஸே திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டுகிறாள், அவ்வளவுதான்.

2009-இல் 'எல்லியைப் பற்றி'. இதைத்தான் நான் முதலில் பார்த்தேன், சப்டைட்டிலோடு, லேப்டாப்பில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு. காஸ்பியன் கடலோரத்தில் ஒரு பழைய பங்களா. நண்பர்கள் கூட்டம் குடும்பம் குடும்பமாக விடுமுறைக்கு வந்திருக்கிறது, கூடவே எல்லி என்ற பாலர்பள்ளி டீச்சரையும் அழைத்து வந்திருக்கிறார்கள், ஜெர்மனியிலிருந்து வந்திருக்கிற விவாகரத்தான ஒரு நண்பனுக்குப் பார்க்கலாம் என்று. அவளுக்கு ஊருக்குத் திரும்ப வேண்டும், சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள், விடமாட்டேன் என்கிறார்கள். நம் வீடுகளில் நடக்குமே, 'இருந்துட்டுத்தான் போகணும்' என்று பையை எடுத்து ஒளித்து வைப்பது, அதேதான்.

அப்புறம் அந்தப் பட்டம். பிள்ளைகள் விட முடியாமல் திணறுகிற பட்டத்தை எல்லி வாங்கிக்கொண்டு மணலில் ஓடுகிறாள். கேமரா அவள் முகத்தைத்தான் துரத்துகிறது. நூல் இழுபடுகிறது, அண்ணாந்து பார்க்கிறாள், சிரிக்கிறாள், திரும்பி ஓடுகிறாள், மறுபடி அண்ணாந்து பார்க்கிறாள். அதுவரை எல்லோருக்கும் முன்னால் கூசிக் குறுகி, பதில் சொல்லவே தயங்கிக்கொண்டிருந்த பெண்ணா இவள் என்று இருக்கும். பிறகு, நான் போக வேண்டும் என்கிறாள். அத்தோடு சரி. எல்லியைக் காணோம். கடலில் தத்தளித்த பையனைக் காப்பாற்ற இறங்கினாளா, சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாளா, யாருக்கும் தெரியாது. மீதிப் படம் முழுக்க மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள், தங்கள் தலை தப்ப வேண்டும் என்று அவள் நல்ல பெயரைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டே. இல்லாத ஒருத்தி இரண்டு மணி நேரப் படத்தின் பாதிக்கு மேல் நம் கண்ணிலேயே நிற்கிறாள் என்றால், அது அந்தப் பட்டம் விட்ட முகத்தால்தான். படம் பெர்லினில் ஃபர்ஹாதிக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கிக் கொடுத்தது.

அதே படத்தில் எல்லியை அழைத்து வருகிற செபிதேவாக நடித்தவர் கோல்ஷிஃப்தே ஃபராஹானி. ஒரு ஹாலிவுட் படத்தில் நடித்ததால் வந்த தொல்லைகளுக்குப் பிறகு அவர் நாட்டை விட்டே பிரான்சுக்குப் போய்விட்டார். ஒருவர் போனார், ஒருவர் இருந்தார். இதில் யார் சரி என்று தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மார்க் போட எனக்கு மனசு வராது. இரண்டுக்கும் விலை உண்டு, இரண்டு பேரும் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஈரான் படங்களைப் பற்றித் தமிழில் வருடக்கணக்காக ஒரு பாராட்டு புழங்குகிறது: 'ஆபாசமில்லை, தொட்டு நடிப்பதில்லை, எவ்வளவு கண்ணியம், நம்ம ஆளுங்க கத்துக்கணும்.' திரையிடல் முடிந்து டீ குடிக்கும்போது இதைச் சொல்லாத ஆளே கிடையாது. ஆனால் அந்தக் கண்ணியம் கலைஞர்கள் தேர்ந்தெடுத்தது இல்லை. 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு வந்த விதி. திரையில் வரும் பெண் தன் சொந்த வீட்டில், சொந்தப் படுக்கையறையில், சொந்தக் கணவன் முன்னால்கூடத் தலையை மூடியிருக்க வேண்டும். கணவனாக நடிப்பவர் கையைத் தொட முடியாது. தூங்கி எழுந்தாலும் முக்காடு, காய்ச்சலில் கிடந்தாலும் முக்காடு. எந்த வீட்டில் எந்தப் பெண் அப்படி இருக்கிறாள்? கண் முன்னால் தெரிகிற பொய்யை வைத்துக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் உண்மையாக நடித்துக் காட்ட வேண்டிய கொடுமையை நாம் அழகு என்று மெச்சிக்கொண்டிருந்தோம். அந்த நடிகைகளின் திறமை எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிவது இதனால்தான், ஆனால் அந்த விதியை நான் இனி ஒருபோதும் புகழ மாட்டேன்.

'விற்பனையாளர்' படத்தில் ஃபர்ஹாதி இதைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். 2016. எமாதும் ரானாவும் டெஹ்ரானில் ஆர்தர் மில்லரின் நாடகத்தைப் போடுகிற கணவன் மனைவி. ஒத்திகையில் ஒரு பெண், தான் உடுப்பில்லாமல் நிற்பதாக வசனம் பேச வேண்டும், மேடையிலோ கழுத்துவரை பட்டன் போட்ட மழைக்கோட்டோடு நிற்கிறாள். எதிரில் இருக்கிற நடிகருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, அவள் அவமானப்பட்டுக் கோபத்தில் கிளம்பிப் போய்விடுகிறாள். டெஹ்ரானில் உட்கார்ந்து பார்க்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அது என்ன என்று தெரிந்திருக்கும்.

ரானாதான் தரானே. புதிதாகக் குடிவந்த வீட்டில் பெல் அடிக்கிறது, கணவன்தான் என்று நினைத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறாள். வந்தவன் வேறு ஆள். என்ன நடந்தது என்று படம் காட்டுவதில்லை, அவளும் சொல்வதில்லை. போலீசுக்குப் போக மாட்டேன், தனியாக இருக்க மாட்டேன், அந்தக் குளியலறைக்குள் கால் வைக்க மாட்டேன்.

எனக்கு அந்தப் படத்தில் மறக்க முடியாத இடம் சாப்பாட்டு மேசை. பல நாளைக்குப் பிறகு ரானா கொஞ்சம் தெளிந்து சமைத்திருக்கிறாள், நாடகத்தில் கூட நடிக்கிற பெண்ணின் சின்னப் பையனும் வந்திருக்கிறான், வீட்டில் முதல் முறையாகச் சிரிப்புச் சத்தம். எமாதும் ரசித்துச் சாப்பிடுகிறான். சாமான் வாங்கக் காசு ஏது என்று போகிற போக்கில் கேட்கிறான். டிராயரில் நீ வைத்திருந்த காசுதான் என்கிறாள். அவன் அங்கே காசு எதுவும் வைக்கவில்லை. அது வந்தவன் விட்டுப்போன காசு. அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, சாப்பிடாதீர்கள் என்று தட்டுகளை எடுக்கிறான். அந்தச் சில நொடிகளில் ரானாவின் முகத்தைப் பாருங்கள். முதலில் ஒன்றும் புரியவில்லை, புரிகிறது, அப்படியே அணைந்துபோகிறது. குழந்தை பக்கத்தில் இருப்பதால் அழவும் முடியாது. கையில் இருக்கிற கரண்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாதவள்போல இருப்பாள். படம் கான் விழாவில் திரைக்கதைக்கும், எமாதாக நடித்த ஷஹாப் ஹுசைனிக்கும் விருது வாங்கியது. நடிப்பு விருது அவரோடு நின்றுபோனதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

ஈரானுக்குள் பெருவாரியான ஜனங்களுக்கு அவர் வேறு பெயரில் நெருக்கமானார்: ஷஹ்ர்ஸாத். 1953 ஆட்சிக் கவிழ்ப்புக் காலத்து டெஹ்ரானில் நடக்கிற தொடர், 2015-லிருந்து மூன்று சீசன். காதலித்தவனைக் காப்பாற்ற ஒரு பெரிய மனிதரின் கட்டாயத்துக்குப் பணிந்து வேறொருவனைக் கட்டிக்கொள்கிற மருத்துவ மாணவி. கதை கொஞ்சம் இழுவைதான், ஆனால் வீட்டுக்கு வீடு பார்த்தார்கள். படப்பிடிப்புக்கு நடுவில் மொழிபெயர்ப்பும் செய்தார், கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்ரோவின் ஒரு கதைத் தொகுப்பைப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். மன்ரோவின் பெண்களும் இவர் நடித்த பெண்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள்போலத் தோன்றுவார்கள், இதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

திரைக்கு வெளியே அவர் பேச ஆரம்பித்தது திடீரென்று இல்லை. 2016-இல் கான் விழாவை ஒட்டி வந்த புகைப்படங்களில் அவர் கையில் பச்சைகுத்திய பெண்ணிய முஷ்டிச் சின்னம் தெரிந்து ஊரில் கூச்சல் கிளம்பியபோது, ஆமாம், நான் பெண்ணியவாதிதான் என்று எழுதினார். 2017-இல் ஈரானியருக்கு விசா மறுக்கும் டிரம்பின் அறிவிப்பு இனவெறி என்று சொல்லி ஆஸ்கர் விழாவுக்குப் போக மறுத்தார். அன்று அவரை மெச்சிய ஆட்சி அபிமானிகள், 2018-இல் ஒழுக்கக் காவலர்கள் ஒரு பெண்ணைத் தாக்குகிற வீடியோவை அவர் பகிர்ந்தபோது வாயடைத்துப் போனார்கள். அதற்காக 2020-இல் ஐந்து மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக. அந்த வருஷத் தொடக்கத்தில்தான், நாம் குடிமக்கள் இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை, லட்சக்கணக்கான கைதிகள் என்று இன்ஸ்டாகிராமில் எழுதியிருந்தார். 2022 வசந்தத்தில் ஈரான் திரைத்துறையில் பாலியல் தொந்தரவுக்கு எதிராக நூற்றுக்கணக்கான பெண்கள் கையெழுத்திட்ட கடிதத்தில் அவர் முன்வரிசையில் நின்றார்.

அதே 2022 மே மாதம் கானில் 'லெய்லாவின் சகோதரர்கள்', சயீத் ருஸ்தாயியின் படம். நாலு உதவாக்கரை அண்ணன் தம்பிகள், அவர்களையும் அப்பா அம்மாவையும் தன் சம்பளத்தில் தாங்கிக்கொண்டு நாற்பது வயதில் நிற்கிற லெய்லா. ஒரு மாலில் கடை போட்டு எல்லோரும் கரையேறலாம் என்று அவள் கணக்குப் போடுகிறாள். அப்பாவோ சொந்தக்காரர்கள் மத்தியில் குலத்தலைவர் நாற்காலியில் உட்கார ஆசைப்பட்டு, கல்யாணத்தில் மொய் வைக்க நாற்பது தங்கக் காசு ஒளித்து வைத்திருக்கிறார். குடும்ப மானம், மொய்க் கணக்கு, பெரியவர் என்ற வெற்றுப் பட்டம், இதெல்லாம் எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத சமாச்சாரம். ஒரு கட்டத்தில் லெய்லா அப்பாவைக் கன்னத்தில் அறைகிறாள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இருபது வருஷமாகக் கதவைத் தட்டிக்கொண்டும், பேச்சை விழுங்கிக்கொண்டும், கடலில் காணாமல் போய்க்கொண்டும் இருந்த அத்தனை பெண்களும் சேர்ந்து ஓங்கிய கைபோல இருந்தது அது. படம் ஈரானில் தடை செய்யப்பட்டது.

செப்டம்பரில் மஹ்ஸா அமினி. இருபத்திரண்டு வயதுக் குர்து இனப் பெண், முக்காடு சரியில்லை என்று பிடித்துக்கொண்டு போனார்கள், 16-ஆம் தேதி மருத்துவமனையில் இறந்துபோனாள். ஊர் ஊராகப் பெண்கள் தெருவில் இறங்கி முக்காட்டைக் கழற்றிக் கொளுத்தினார்கள். நவம்பர் 9-ஆம் தேதி தரானே இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். தலையில் துணி இல்லை. கையில் ஒரு தாள், அதில் குர்து மொழியில் 'ஜின், ஜியான், ஆஸாதி': பெண், வாழ்வு, விடுதலை. நான் நாட்டை விட்டுப் போக மாட்டேன், நடிப்பதை நிறுத்திக்கொள்கிறேன், கைதானவர்கள், கொல்லப்பட்டவர்கள் குடும்பத்தோடு நிற்பேன் என்றும் அந்த நாட்களில் எழுதினார். எத்தனையோ படங்களில் எத்தனையோ நெருக்கக் காட்சிகளில் பார்த்த முகம், ஆனால் தோளில் விழுந்து கிடக்கிற அந்தக் கறுத்த முடியை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு நடிகையின் தலைமுடியைப் பார்த்து அழுவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

டிசம்பர் 8-ஆம் தேதி மொஹ்சென் ஷெகாரி என்ற இளைஞனைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் போராட்டங்களுக்காக நிறைவேற்றப்பட்ட முதல் மரண தண்டனை. தரானே அவன் பெயரைச் சொல்லி எழுதினார், இந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்கிற ஒவ்வொரு சர்வதேச அமைப்பும் மனித குலத்துக்கு அவமானம் என்று. தூக்குக்காகக் காத்திருக்கிற தம்பியைக் காப்பாற்ற வாசல் வாசலாக நடந்த ஃபிரூஸேவின் குரல்தான் எனக்குக் கேட்டது. அவளாவது கெஞ்சினாள், இவர் கெஞ்சவில்லை. 17-ஆம் தேதி கைது செய்து எவின் சிறையில் அடைத்தார்கள். 80 லட்சம் பேர் பின்தொடர்ந்த அவரது இன்ஸ்டாகிராம் கணக்கு காணாமல் போனது. பதினெட்டு நாள் கழித்து, ஜனவரி 4-ஆம் தேதி ஜாமீனில் வெளியே வந்தார். சிறை வாசலில் எடுத்த படம் இருக்கிறது: கையில் பூங்கொத்து, சுற்றி நண்பர்கள், தலை திறந்திருக்கிறது. உள்ளே எதற்காக வைத்தார்களோ அதே கோலத்தில் வெளியே வந்து நிற்கிறார்.

கட்டாய முக்காட்டோடு இனி நடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ஈரானில் முக்காடில்லாமல் முறையாக அனுமதி வாங்கிப் படம் எடுக்க முடியாது. ஆக, ஒரு தேர்ந்த நடிகை தன் நடிப்பின் உச்சத்தில் தன் தொழிலைத் தானே கீழே வைத்துவிட்டார், அதுவும் வெளிநாட்டுக்குப் போய்த் தொடர வழியிருந்தும்.

'விற்பனையாளர்' படத்தின் கடைசிக் காட்சியில் எமாதும் ரானாவும் நாடகத்துக்கு ஒப்பனை போட்டுக்கொள்ள உட்கார்ந்திருப்பார்கள். நாடகத்தில் வயதான தம்பதியாக நடிக்க வேண்டும், அதனால் முகத்தில் சுருக்கங்களை வரைந்துகொண்டிருப்பார்கள். ரானா அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அந்தக் காட்சி வரும்போது அந்தக் கல்யாணம் இனி என்ன ஆகும் என்று யோசிப்பேன். போன வாரம் மறுபடி பார்த்தபோது, வயதான தரானே அலிதூஸ்தியைத் திரையில் எனக்கு அந்த ஒப்பனையில் மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது. அவர் நடித்திருக்க வேண்டிய அம்மாக்கள், மாமியார்கள், பாட்டிகள், ஊரை எதிர்த்து நிற்கிற கிழவிகள் எல்லோரும் அந்தச் சில கோடுகளுக்குள் இருந்தார்கள். படத்தை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.